வெட்டிப் பார்க்காத வெங்காயம்

என் அமுதாக்காவுக்கு,

இந்நேரத்துக்கு எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. விளக்கை அணைத்த பிறகு யார் கூப்பிட்டாலும் "காலையில பேசிக்கலாம் போடி" என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறவள் நீ. எனக்கு இப்போதுதான் கை ஒழிந்தது. யாழினி இருமி இருமி இப்போதுதான் கண் அசந்தாள். அவளுக்குப் பக்கத்தில் உன் தேன்மொழி, உன் பச்சைச் சேலையை உருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்குகிறாள். பகலில் எழுதலாம் என்றால் அத்தை வந்து "யாருக்குடி எழுதுற?" என்பார். என்ன சொல்வேன்?

நாளைக்குக் காலையில் வெங்காயப் பட்டறையடியில் நம் குழுவின் கூட்டம். நீ போன பிறகு நடக்கிற முதல் கூட்டம். எல்லார் வீட்டு விதை வெங்காயமும் அழுகிப் போயிற்று அக்கா. எப்படி அழுகியது, யார் வீட்டு வெங்காயத்திலிருந்து தொற்றியது என்று நாளைக்குக் கேட்பார்கள். எனக்குத் தெரியும். சொன்னால் உன் பேர் கெடும். சொல்லாமல் இருந்தால் கிழக்குத் தெருச் சின்னப்பொண்ணு அக்காவின் பேர் கெடும். ஏற்கெனவே பாதி கெட்டாயிற்று. இந்த வீட்டுக்கு உன் ஓரகத்தியாக வந்த நாளிலிருந்து எதுவானாலும் உன்னிடம்தான் கேட்டிருக்கிறேன். இதை மட்டும் வேறு யாரிடம் போய்க் கேட்பது?

நீ பார்க்காததையெல்லாம் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆடிக் கடைசியில் எரு சலிக்கச் சல்லடை வாங்கி வருகிறேன் என்று அரியலூருக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனாய். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகிற அந்த ரோட்டில் என்ன நடந்தது என்பதை எழுத என் கை வரவில்லை. சல்லடை மட்டும் ஒரு கீறல் இல்லாமல் வீட்டுக்கு வந்தது. மாட்டுக் கொட்டகைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். இன்னும் யாரும் அதில் எதையும் சலிக்கவில்லை.

அப்போது உன் வெங்காயம் வயலில் தாள் சாய்ந்து, எடுக்கிற பதத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிடலாம் என்று நீயே சொல்லியிருந்தாய். காரியம் முடிகிறவரை துக்க வீட்டு வயலில் கொத்து வைக்கக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். உன் கொழுந்தன் மட்டும் ஒருமுறை மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"மழை வர்ற மாதிரி இருக்கும்மா."

"வரட்டும். எம் மருமவளவிட ஒங்களுக்கு வெங்காயம் பெருசாப் போச்சா?"

மழையும் வந்தது. விட்டு விட்டுப் பல நாள் பெய்தது. நம் கரிசல் மண் ஒருமுறை குடித்துவிட்டால் லேசில் விடாது. காய்ந்து நின்ற உன் வெங்காயம் அந்தச் சேற்றுக்குள் ஊறிக் கிடந்தது. உன் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து வந்து, மொட்டை அடித்துக்கொண்டு, அந்த வயலைப் பார்த்தபடி வரப்பில் உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டாலும் எழுந்து வர மாட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் விடியலில் வாசல் தெளிக்கப் போனேன். பார்த்தால், குழுவில் இருக்கிற அத்தனை பேரும் உன் வயலில் நிற்கிறார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லையாம். மேற்குத் தெருப் பெண்களும் கிழக்குத் தெருப் பெண்களும் ஒரே வரிசையில் குனிந்து எடுத்தார்கள். கூலிப் பேச்சே இல்லை. வளர்மதி அக்கா வாய் ஓயாமல் பேசுகிறவள், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. உச்சி வெயிலுக்கு முன் வயல் காலி. வழக்கமாக நீ நிழலில் பரப்பி, நாள் கணக்கில் உலர்த்தி, ஈரம் போயிற்றா என்று உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்ப்பாய். அன்றைக்கு அதையெல்லாம் யார் நினைத்தார்கள்? உன் வெங்காயத்தைத் தரையில் வைக்கக்கூட யாருக்கும் மனசு வரவில்லை. நேராகப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

பட்டறை வாசலில் அரிவாள்மனை கிடந்தது.

வெட்டிப் பார்க்கிற அந்தச் சட்டம் நீ போட்டதுதானே அக்கா? குழு தொடங்கிய வருஷம் ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு வீட்டிலும் விதை வெங்காயத்தை எடுத்து வைப்போம். நடுவில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வரும், பள்ளிக்கூடச் செலவு வரும், விற்றுவிடுவோம். நடுகிற பட்டம் வரும்போது பெரம்பலூர்க் கடைக்காரரிடம் போய் நிற்போம். அவர் விதையையும் மருந்து டப்பாவையும் சேர்த்தே தலையில் கட்டுவார். விதை நம் கையில் இருந்தால்தான் மருந்து வேண்டாம் என்று சொல்ல வாய் வரும் என்று நீதான் சொன்னாய். எல்லார் விதையும் ஒரே பட்டறையில் இருக்கட்டும், எந்த வீடும் தனியாக எடுத்து விற்க முடியாது என்றாய். கல்லின் மேல் மூங்கில் பரப்பி, சுற்றிலும் விளாறு கட்டி, கரும்புத் தோகை வேய்ந்து, அடியிலும் பக்கத்திலும் காற்று ஓடுகிற மாதிரி நாமே கட்டினோம். உள்ளே வீட்டுக்கு ஒரு தட்டித் தடுப்பு.

மேற்குத் தெருவில்தான் முதலில் முணுமுணுப்பு. நேற்றுவரை நம் வயலுக்குக் கூலிக்கு வந்தவர்கள் இன்றைக்குக் குத்தகைக்கு எடுத்து நடுகிறார்கள், அவர்கள் வெங்காயமும் நம் வெங்காயமும் ஒரே கூரைக்குள்ளா என்றார்கள். நீ கோபப்படவே இல்லை. "வெங்காயத்துக்கிட்டப் போயி எந்தத் தெருன்னு கேட்டா அது என்னத்தச் சொல்லும்? வெட்டிப் பாப்போம். அழுகல் இருந்தா வெளிய, இல்லன்னா உள்ள. அவ்ளோதான்" என்றாய். ஒவ்வொரு மூட்டையின் நடுவிலிருந்தும் கைநிறைய அள்ளி, எல்லார் கண் முன்னாலும் குறுக்கே வெட்டுவது. வேர் இருக்கிற அடிப்பக்கம் பழுப்பேறி இருந்தால் அந்த மூட்டை உள்ளே போகக் கூடாது. முதல் வருஷம் முதல் மூட்டையாக அத்தையின் மூட்டையை வெட்டினாய். அது பழுப்பாக இருந்தது. அத்தை ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. "பேசாட்டி சோறு மட்டும் கேக்குதே" என்று என் காதில் சொல்லிச் சிரித்தாய்.

வெட்டின வெங்காயத்தை வீணாக்கக் கூடாது என்று அன்றைக்கே வேப்பமரத்தடியில் ஒரு பெரிய குண்டான் வைத்துக் குழம்பு. இரண்டு தெருவும் ஒரே குழம்பு ஊற்றிச் சாப்பிட்டதை அத்தை மட்டும் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். அப்புறம் வருஷா வருஷம் பட்டறையில் வெங்காயம் ஏற்றுகிற நாளே குழம்பு நாள் ஆகிவிட்டது. பிள்ளைகள் தட்டோடு வந்து நிற்பார்கள்.

இந்தமுறை மற்ற எல்லார் மூட்டையையும் நீயே வெட்டிப் பார்த்து உள்ளே ஏற்றிவிட்டுத்தான் போனாய். பாக்கி இருந்தது உன்னுடையது மட்டும்.

நான் அரிவாள்மனையில் உட்கார்ந்தேன். உன் மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டேன்.

"ஏய், என்ன பண்ற நீ?" என்றாள் வளர்மதி அக்கா. அன்றைக்கு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். "யாரு வெங்காயத்த வெட்டப் போற? அமுதா வெங்காயத்தையா? மனசு வருதா ஒனக்கு?"

"சட்டம் எல்லாருக்கும்தானேக்கா..."

"செத்தவள நிக்க வச்சுச் சந்தேகப்படுவியா? அவ கையால நட்ட கடேசி வெங்காயம்டி இது. அவளே வந்த மாதிரி."

யாரோ ஒருத்தி ஓவென்று அழ ஆரம்பித்தாள். அதோடு எல்லாரும். சின்னப்பொண்ணு அக்காதான் உன் மூட்டையை மார்போடு அணைத்துத் தூக்கினாள். ஓரத்தில் உனக்கென்று இருந்த தடுப்பு வேண்டாம், நடுவில் வைக்கலாம் என்றார்கள். நடுவில் இடம் ஒதுக்கி, மற்றவர்களுடையதைத் தள்ளி, உன்னுடையதைக் கொட்டினோம். நீ நடுவில் இருந்தால் எல்லாருக்கும் பக்கத்தில் இருப்பாய் என்று நானும்தான் நினைத்தேன். அரிவாள்மனையை மடக்கிச் சுவரோரம் சாத்திவிட்டேன்.

அன்றைக்குக் குழம்பு வைக்கவில்லை. வெட்டின வெங்காயம் இருந்தால்தானே?

புரட்டாசி பிறந்தது. ஒரு மத்தியானம் பட்டறைக் கூரையில் தோகை சரிந்திருக்கிறது என்று வளர்மதி அக்கா பார்க்கப் போனவள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். நானும் அவளும் சின்னப்பொண்ணு அக்காவும் போய்த் திறந்தோம். சின்னச் சின்ன ஈ முகத்தில் மொய்த்தது. நடுத் தடுப்பில் வெங்காயம் என்று சொல்ல எதுவும் இல்லை, கூழ். அதைச் சுற்றியிருந்த தடுப்புகளில் பாதி. அதற்கும் வெளியே இருந்தவற்றில் மேலே நன்றாக இருக்கிற மாதிரி தெரியும், தொட்டால் விரல் உள்ளே போகும். கல்லைப் போட்ட குளத்தில் வட்டம் வட்டமாகப் போகுமே, அப்படிப் போயிருந்தது. பார்த்த உடனே மூன்று பேருக்கும் புரிந்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

அள்ளிக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு தூவினோம். ஓரங்களிலிருந்து பொறுக்கி எடுத்ததில் ஒரு கூடை தேறியது. ஒரு கூடையில் எத்தனை வீடு நடும்?

இதற்குப் பிறகு நடந்ததுதான் உன்னிடம் சொல்லக் கூசுகிறது.

ரெண்டே நாளில், ரேஷன் கடை வரிசையில் என் காதுபடவே பேசுகிறார்கள். கிழக்குத் தெருச் சின்னப்பொண்ணு மூட்டை ஈரமாக இருந்ததாம். காய வைக்க அவர்களுக்கு ஏது களம், ரோட்டோரம் கிடந்ததை அப்படியே அள்ளிக் கொண்டுவந்து கொட்டிவிட்டார்களாம். "அப்பவே சொன்னோம், ஒண்ணா வைக்காதீங்கன்னு. அமுதா கேட்டாளா?" அந்தப் பேச்சு எங்கே கிளம்பியது என்று தேடிப் போனால் வளர்மதி அக்கா வீட்டு வாசலில் போய் நின்றது.

"நீங்கதான் சொன்னீங்களாக்கா?"

அவள் புளி உருட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "யாரு மூட்டைன்னு கேக்குறாங்க. என்னத்தச் சொல்லச் சொல்ற? அமுதாவோடதுன்னு சொல்லட்டுமா? நாக்கு அழுகிடாது?"

"அதுக்கு இன்னொருத்தி தலையில போடுறதா?"

"நீ போயி சொல்லு பாப்போம். ஒங்க வூட்டு வெங்காயம்தானே. ஒங்க வூட்டுப் புள்ளதானே நாளைக்குத் தெருவுல நடக்கும்."

அவள் உன்மேல் வைத்த பிரியத்தில்தான் பொய் சொல்கிறாள். அந்தப் பிரியத்தைத் திட்ட எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

சின்னப்பொண்ணு அக்காவைத் தேடி அவள் குத்தகை வயலுக்குப் போனேன். மேட்டு வரிசையாகப் பார் பிடித்து, நம் குழுவில் சாணமும் கோமியமும் கரைத்த ஜீவாமிர்தம் ஊற்றி, நிலத்தை அவ்வளவு அழகாக வைத்திருக்கிறாள். நடுவதற்கு ஒரு வெங்காயம் இல்லை. வெறும் பாருக்கு நடுவில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக்கா இப்பக் களை?"

"சும்மா ஒக்காந்திருந்தா மனசு கெடந்து அடிக்குது. அதான்."

"ஊருல பேசுறது காதுல விழுந்துச்சா?"

"விழாமயா இருக்கும்? மைக் செட்டுதான் கட்டல." சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

"நான் கூட்டத்துல உண்மையச் சொல்லிடுறேங்க்கா."

கையிலிருந்த களையை உதறி வரப்பில் போட்டாள். "வேணாம் பவித்ரா. அமுதா பேரு கெட வேணாம். அந்தப் பொண்ணுதான் மொதமொதல்ல என் மூட்டைய அவ மூட்டைக்குப் பக்கத்துல வச்சவ. எங்க மேலயே இருந்துட்டுப் போவட்டும். எங்களுக்கு இது என்ன புதுசா?"

எங்களுக்கு இது என்ன புதுசா. இதைச் சொல்லிவிட்டு மறுபடி குனிந்துவிட்டாள். நான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன் அக்கா. வெங்காயம் அழுகிய அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை. நாம் இத்தனை வருஷம் எதற்காகக் குழு நடத்தினோம்? அந்த ஒரு வாக்கியத்தை அவள் வாயிலிருந்து எடுக்கத்தானே? அது அப்படியே இருக்கிறது, களை மாதிரி, வேரோடு.

இது போதாதென்று கடைக்காரர் வேன் ஊருக்குள் வந்துவிட்டது. மெகாபோனில் கூப்பிட்டு வாசலிலேயே இறக்குகிறார். "விதையும் தரேன், மருந்தும் தரேன், காசு அப்பறம். வெளஞ்சத மட்டும் எங்கிட்டயே போட்டுடணும்." நாலைந்து வீடு ஏற்கெனவே வாங்கிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? பட்டம் தப்பினால் அந்த வருஷமே போயிற்று. "மருந்தடிக்காத வெவசாயம் கடேசில இப்புடித்தான் கூழாப் போவும்" என்று கடைக்காரர் சொன்னபோது கூட்டத்தில் நம் குழுப் பெண்களே தலையாட்டினார்கள். மருந்தில்லாமல் விளைந்த வெங்காயம் மூன்று வருஷம் கல் மாதிரி இருந்ததே, அதை அவர்களேதானே குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள்? அழுகியதற்குக் காரணம் வேறு என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. சொன்னால் அடுத்த கேள்வி, "அப்ப யாரு மூட்டை?"

மருந்தில்லாத இந்த விவசாயத்துக்கு நான் வந்ததே உன்னால்தான். யாழினி வயிற்றில் இருந்தபோது, கொல்லையில் கிடந்த மருந்து டப்பா ஒன்றை எடுத்து வந்து, "கெமிஸ்ட்ரி படிச்சவளே, இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு" என்றாய். கொடிய விஷம் என்பதற்கான சிவப்பு முக்கோணம் போட்டிருந்தது. நான் படிக்கப் படிக்க உன் முகம் மாறியது. "இதத்தான் புடவையோட நின்னு அடிச்சிட்டு, அதே கையோட புள்ளைக்குப் பால் குடுத்தேனா?" என்று கேட்டாய். தேன்மொழியைத் தூக்கி வைத்துக்கொண்டு அன்றைக்கெல்லாம் அவள் தலையை மோந்து பார்த்துக்கொண்டே இருந்தாய். அன்றைக்குப் பிறகு நம் வயலில் அது விழவில்லை. இப்போது நம் வயலைச் சுற்றி மூன்று பக்கமும் மக்காச்சோளத்துக்குப் புழு மருந்து அடிக்கிறார்கள். அடிக்கிற நாளில் யாழினி இருமுவாள். நான் சன்னலைச் சாத்துவேன். சன்னல் சாத்தினால் காற்று நிற்குமா அக்கா? நாலாவது பக்கமும் நாளைக்கு ஆரம்பித்துவிட்டால் நான் பிள்ளைகளை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது?

உன் கொழுந்தன் திருப்பூர் என்கிறார். "இந்தப் பட்டமும் போச்சுன்னா பனியன் கம்பெனிதான். ரெண்டு புள்ளைங்களையும் வச்சுக்கிட்டு வேற என்ன பண்ண?" அவர் ஒரு முடிவு என்று சொல்லவில்லை. ஆனால் பீரோ மேலே இருந்த பெரிய பையை எடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

அத்தையிடம் நேற்று சொன்னேன், கூட்டத்தில் உண்மையைப் பேசப் போகிறேன் என்று. வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர் கை நின்றது. "செத்தவ மேல பழியப் போட்டு நீ நல்லவ ஆயிக்குவியா? ஓரகத்தி புத்தியக் காட்டிட்டியே" என்றார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் இத்தனை வருஷம் பயந்தேன். ஊரில் ஓரகத்திகள் என்றால் ஒரு அடுப்பில் ரெண்டு உலை கொதிக்காது என்பது போலத்தான் பேசுவார்கள். நம்மைப் பார்த்து மட்டும் யாருக்கும் அப்படிச் சொல்ல வாய் வந்ததில்லை. நீ போன பிறகு வந்துவிட்டது.

அவரையும் என்னால் வெறுக்க முடியவில்லை. கொத்து வைக்காதே என்று அவர் சொல்லியிருக்காவிட்டால் மழைக்கு முன் எடுத்திருப்போம். அது அவருக்கும் தெரியும். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து கொள்கிறார். நான் கேட்டால் முட்டி வலி என்கிறார்.

சிங்கப்பூருக்குத் திரும்பிவிட்ட உன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பின்னால் ஏதோ மிஷின் சத்தம். "நான் என்னம்மா சொல்ல? தேனு என்ன சொல்லுது?" என்றார். தேன்மொழியிடம் கேட்கவேண்டும் என்று எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. பள்ளிக்கூடம் போகிற குழந்தை, அம்மாவைப் பறிகொடுத்த குழந்தை, அவளிடம் போய் எப்படி?

இன்றைக்குச் சாயங்காலம் தலை பின்னிவிடும்போது சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல தைரியம் இல்லாமல்தான் பின்னால் உட்கார்ந்து சொன்னேன். மழை, வயல், பட்டறை, நடுத் தடுப்பு, எல்லாம். ஊரில் சின்னப்பொண்ணு பெரியம்மாவைப் பேசுகிறதையும்.

ரிப்பன் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா வெங்காயம் கெட்டதா சித்தி?"

"மழையில நனைஞ்சிடுச்சு தங்கம். யாரும் வெட்டிப் பாக்கல."

"ஏன் பாக்கல?"

"அம்மாவோடதுன்னு."

பின்னலைப் பிடித்திருந்த என் கையோடு அவள் தலை திரும்பியது. "அம்மா இருந்திருந்தா வெட்டிப் பாத்திருக்கும்ல?"

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. "அந்தப் பெரியம்மாவ யாரும் பேசக் கூடாது. எனக்கு முந்திரிப் பழம் கொண்டாந்து குடுக்கும்" என்றாள். அப்புறம் இன்னொரு ரிப்பன் எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டாள். குழந்தைகளுக்கு அவ்வளவுதான். நமக்குத்தான் விடியமாட்டேன் என்கிறது.

அதனால் இதைச் செய்யப் போகிறேன். நீ வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடு.

சுவரோரம் சாத்திய அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போவேன். தேறிய அந்த ஒரு கூடையை நடுவில் வைத்து, கைநிறைய அள்ளி வெட்டுவேன். சின்னப்பொண்ணு அக்கா முன்னால் வைத்துத்தான் வெட்டுவேன். அழுகலைக் கொண்டுவந்தது அமுதாவின் வெங்காயம்தான், எங்கள் வீட்டு வெங்காயம்தான் என்று சொல்வேன். நீ இருந்திருந்தால் முதல் ஆளாக அதை வெளியே தள்ளியிருப்பாய் என்றும் சொல்வேன். உனக்காக அவ்வளவு அழுத நாங்கள், நீ சொன்ன ஒரே ஒரு காரியத்தைச் செய்யவில்லை. அரிவாள்மனையை மடக்கியது என் கை. வேறு யாரையும் சொல்ல மாட்டேன்; வளர்மதி அக்காவையும் அத்தையையும் சொல்ல மாட்டேன்.

கூடையில் நல்லதாக மிஞ்சுவதில் நம் வீட்டுப் பங்கைச் சின்னப்பொண்ணு அக்காவின் பாரில் நடச் சொல்வேன். வாங்கிக்கொள்வாளா? தெரியவில்லை. வெட்டியதைக் குழம்பு வைப்பேன். யாராவது சாப்பிட உட்காருவார்களா? அதுவும் தெரியவில்லை.

நான் நம்பிக்கையோடு போகவில்லை அக்கா, உன்னிடம் பொய் எதற்கு? சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. விதை திரும்பி வராது. வேனில் வாங்கியவர்கள் வாங்கியதுதான். அத்தை என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பாரா என்பதே சந்தேகம். உன் வீட்டு வெங்காயம் ஊரைக் கெடுத்தது என்று எவளாவது ஒருத்தி தேன்மொழியிடம் சொல்லத்தான் போகிறாள். பட்டறையை அடுத்த மாதம் பிரித்து ஆளுக்கு ரெண்டு மூங்கில் எடுத்துக்கொண்டு போனாலும் ஆச்சரியம் இல்லை. அந்தப் பெரிய பையில் என் புடவைகளை நானே மடித்து வைக்கும்படி ஆகலாம். ஆனால் "எங்களுக்கு இது என்ன புதுசா" என்று அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, உன் பேரில் நடக்கிற ஒரு குழுவில் என்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார முடியாது.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இந்த ஊரில் இருந்தாலும் திருப்பூரில் ஒரு சின்ன அறையில் இருந்தாலும், தேன்மொழியிடம் உன் கதையைச் சொல்லும்போது இந்த வெங்காயத்தையும் விடாமல் சொல்வேன். அத்தையின் மூட்டையை முதலில் வெட்டின நாளையும் சேர்த்தே சொல்வேன். அவள் எந்த மூட்டையையும், என்னுடையதையும்கூட, வெட்டிப் பார்க்காமல் உள்ளே விடாத பெண்ணாக வளர்வாள்.

யாழினி மறுபடி இருமுகிறாள். எழுந்து போகவேண்டும்.

நான் செய்யப் போவது சரிதானா? ஒரு வரி போதும். கூட்டம் தொடங்குவதற்குள் வந்தால் நல்லது. சீக்கிரம் பதில் போடு அக்கா.

உன் ஓரகத்தி,
தேன்மொழியின் சித்தி,
பவித்ரா